கோடை அறிவியல் பயிற்சிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எந்தக் கோடை அறிவியல் பயிற்சியின் விளம்பரத்தை எடுத்தாலும் ஒரே படம்தான். நாலைந்து மாணவர்கள், எல்லார் கண்ணிலும் பாதுகாப்புக் கண்ணாடி, நடுவில் ஒருவர் கையில் நீலத் திரவம் உள்ள குடுவை. அந்த நீலம் பெரும்பாலும் காப்பர் சல்ஃபேட்டாக இருக்கும், இல்லாவிட்டால் சாயம் கலந்த தண்ணீர். நான் அந்தப் படத்தில் எண்ணுவது கைகளைத்தான். குடுவையைப் பிடித்திருப்பவர் ஒருவர், சுற்றி நின்று பார்ப்பவர்கள் நாலு பேர். பயிற்சி முழுக்க இப்படித்தான் போகும் என்றால் அந்த நாலு பேரும் வீட்டிலேயே உட்கார்ந்து வீடியோ பார்த்திருக்கலாம்.

இந்த மாதிரிப் பயிற்சிகளுக்குப் பள்ளிப் பருவத்தில் படிக்கவும் போயிருக்கிறேன், பிறகு சில கோடைகள் உதவியாளராகவும் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அதே கேள்விகள், மூன்றாம் நாள் அதே தவறுகள், கடைசி வாரம் அதே பதற்றம். அதனால் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு என்ன செய்வது வரைக்கும், எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வகைப் பயிற்சி என்று பாருங்கள்

பெயரில் எல்லாமே 'செய்முறை' என்றுதான் இருக்கும். உள்ளே போனால் மூன்று வகை. ஒன்று, அவர்கள் செய்து காட்ட நீங்கள் கைதட்டுவது. சின்னப் பிள்ளைகளுக்கு அது போதும், உயர்நிலை வகுப்புக்கு வந்தபிறகு அதற்காக ஒரு வாரத்தைச் செலவிடாதீர்கள். இரண்டாவது, தாளில் அச்சடித்த வழிமுறையை வரிவரியாகப் பின்பற்றிச் செய்வது. டைட்ரேஷன் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளப்பது), டிஎன்ஏ பிரித்தெடுத்தல், மின்சுற்று இணைத்தல் என்று ஒன்று அல்லது இரண்டு வாரம் நடக்கும். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகள்தான், ஆனாலும் கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை, முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றாவது, விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வியை உங்களிடம் கொடுத்துவிட்டு ஐந்தாறு வாரம் ஓர் ஆய்வகத்தில் விட்டுவிடுவது.

மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் 1959 முதல் நடக்கும் சம்மர் சயின்ஸ் புரோகிராம். அதன் வானியல் பிரிவில் மாணவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் தாங்களே படம்பிடித்து, வெவ்வேறு இரவுகளில் எடுத்த அளவுகளை வைத்து அதன் சுற்றுப்பாதையைக் கணக்குப் போடுகிறார்கள். 1801-ல் அப்போதுதான் கண்டுபிடித்த சீரிஸ் என்ற சிறுகோள் சூரிய வெளிச்சத்தில் மறைந்துபோய், மறுபடி எங்கே தேடுவது என்று எல்லாரும் விழித்தபோது கணிதமேதை காஸ் போட்டாரே, அதே வகைக் கணக்கு. 1984-ல் தொடங்கி, இப்போது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடக்கும் ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் இன்னொன்று. ஆறு வாரம், முதலில் சில நாள் வகுப்பு, பிறகு ஒரு வழிகாட்டியோடு ஆய்வு, முடிவில் கட்டுரையும் மேடைப் பேச்சும். அங்கே கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கட்டணம் அதிகமாக இருந்தால் பயிற்சியும் உயர்ந்ததாக இருக்கும் என்று நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். சேர்வதற்கு மிகக் கடினமான பயிற்சிகளில் சில பணமே கேட்பதில்லை. பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது என்பதாலேயே அந்தப் பல்கலைக்கழகம்தான் நடத்துகிறது என்றும் அர்த்தம் இல்லை, கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறவர்களும் உண்டு.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

நடத்துபவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முதல் கேள்வி, ஒரு கருவிக்கு எத்தனை பேர்? ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு இரண்டு பேர் என்றால் நல்லது, மூன்று என்றால் சமாளிக்கலாம், ஐந்து என்றால் நான் மேலே சொன்ன படம்தான். அடுத்தது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆய்வக மேசையில், எத்தனை மணி நேரம் நாற்காலியில்? பாதிக்கும் மேல் நாற்காலி என்றால் அதற்குப் பேர் வேறு.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதும் கேள்வி இது: "சோதனை சரியாக வராவிட்டால் மறுபடி செய்ய நேரம் இருக்கிறதா?" இதற்கு வரும் பதிலிலேயே எல்லாம் தெரிந்துவிடும். "எங்கள் சோதனைகள் எல்லாம் சரியாகத்தான் வரும்" என்று எழுதினால், யாரோ முன்னாலேயே எல்லாவற்றையும் அளந்து கலந்து வைத்திருக்கிறார்கள், நீங்கள் போய் ஊற்றினால் போதும் என்று பொருள். "ஆமாம், வெள்ளிக்கிழமை முழுக்க அதற்காகவே காலியாக விட்டிருக்கிறோம்" என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

அப்புறம், மேசையருகே யார் நிற்பார்கள் என்று கேளுங்கள். பெரிய பேராசிரியர் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போவது மகிழ்ச்சிதான், ஆனால் தினமும் பக்கத்தில் நின்று "பிப்பெட்டைச் சாய்க்காதே" என்று சொல்கிற, உங்களைவிட நாலைந்து வயது மூத்த ஆய்வு மாணவர்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர். உயிரியலாளர் டேவிட் பால்டிமோர் உயர்நிலைப்பள்ளி மாணவராக 1955-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தின் கோடைப் பயிற்சிக்குப் போனபோது அங்கே அவர் சந்தித்த, சில வயதே மூத்தவர் ஹோவர்ட் டெமின். ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவை உருவாக்கும் நொதியை 1970-ல் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், 1975-ல் நோபல் பரிசு மேடையில் மறுபடி ஒன்றாக நின்றார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்காது, சரி. ஆனாலும் அந்த மூத்த மாணவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி முடிந்தபிறகும் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது அவராகத்தான் இருக்கும்.

விண்ணப்பம்

கோடைப் பயிற்சிக்குக் கோடையில் விண்ணப்பிக்க முடியாது, இது நிறையப் பேருக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. போட்டி அதிகமுள்ளவை நாலைந்து மாதம் முன்பே மூடிவிடும். வயது, வகுப்பு வரம்பையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள், பெரிய ஆய்வுப் பயிற்சிகளில் பல, பள்ளியின் கடைசி வருடத்துக்கு முந்தைய வகுப்பை முடித்தவர்களை மட்டுமே எடுக்கும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஆசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள், கூடவே நீங்கள் அவர் வகுப்பில் செய்த ஏதாவது ஒன்றை நினைவூட்டி இரண்டு வரி எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் கடிதத்தில் 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்பதைத் தாண்டி ஏதாவது இருக்கும்.

கட்டுரைக் கேள்வி வந்தால் 'எனக்குச் சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். விண்ணப்பங்களைப் படிக்கும் வேலையை ஒருமுறை செய்திருக்கிறேன், பாதிக்கு மேல் அந்த வரியோடுதான் வந்தன. நினைவில் நின்றது ஒரு மாணவி எழுதியது. பழைய ரேடியோவைத் திறந்து, எதை எங்கே கழற்றினேன் என்று குறிக்காமல் விட்டதால் திரும்ப மூட முடியாமல் போனதையும், அடுத்த ரேடியோவுக்குப் படம் வரைந்துகொண்டதையும் அரைப் பக்கத்தில் எழுதியிருந்தாள். அவளை எடுத்தோம். இந்தக் கட்டுரையை அப்பா அம்மா எழுதினால் கண்டுபிடித்துவிடலாம், பதினாறு வயதுக்காரர் யாரும் அவ்வளவு சரியாக எழுதமாட்டார்.

போவதற்கு முன் வீட்டில்

பாடப்புத்தகம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டாம். மூன்று விஷயம் போதும். அலகு மாற்றம் தடுமாறாமல் வர வேண்டும், 1 மில்லிலிட்டர் என்றால் 1000 மைக்ரோலிட்டர் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நீர்த்தல் கணக்கு அடுத்தது. 'பத்து மடங்கு நீர்த்துக் கொண்டு வா' என்றால் 1 பங்கு கரைசலோடு 9 பங்கு நீர், 10 பங்கு அல்ல. இதில் தவறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. மூன்றாவது, விரிதாளில் எண்களைப் போட்டு ஒரு வரைபடம் எடுக்கத் தெரிய வேண்டும், அச்சுகளுக்குப் பெயரும் அலகும் போட்டு.

நேரம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டி 1 மீட்டர் நீள ஊசல் தொங்கவிடுங்கள். ஒரே ஒரு அலைவுக்கு நேரம் எடுங்கள், பத்து தடவை. பத்து விதமாக வரும். அந்த ஊசல் போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடி ஆகிறது, உங்கள் விரல் ஸ்டாப்வாட்சை அழுத்துவதிலோ 0.2 விநாடி முன்பின் ஆகலாம், அதுவே 10 சதவீதப் பிழை. இப்போது 20 அலைவுகளுக்குச் சேர்த்து நேரம் எடுத்து 20 ஆல் வகுங்கள். விரலின் பிழை அதே 0.2 தான், ஆனால் மொத்தம் 40 விநாடி, ஆகவே பிழை 0.5 சதவீதமாகிவிட்டது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, எண்ணும் விதத்தை மாற்றினோம், அவ்வளவுதான். இதைக் கையால் செய்து பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வருபவர், பிழை என்றால் என்ன என்ற ஒரு மணி நேர வகுப்பில் தூங்கமாட்டார். அந்த எண்களைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் நாள், பாதுகாப்பு

விரல் மூடிய ஷூ, முழுநீளக் கால்சட்டை, கட்டிய முடி, தொங்காத துணி. இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் முதல் நாள் இரண்டு பேராவது செருப்போடு வந்து வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள். பாதுகாப்புக் கண்ணாடி உங்கள் சோதனை முடிந்ததும் கழற்றுவதற்கல்ல, அறையில் கடைசி ஆள் முடிக்கும் வரைக்கும். தெறிப்பது பக்கத்து மேசையிலிருந்துதான் வரும்.

அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. மனப்பாடமாக எல்லாருக்கும் தெரியும், காரணம் தெரிந்தால் மறக்காது: அடர் கந்தக அமிலத்தில் கொஞ்சம் நீர் விழுந்தால் அது கனமான அமிலத்தின் மேலேயே நின்று, கலக்கும்போது வரும் வெப்பத்தில் அங்கேயே கொதித்து அமிலத்தையும் சேர்த்து முகத்துக்குத் தெறிக்கும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்க்க ஒன்றுதான், தொடுவதற்கு முன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாசனை பார்க்கச் சொன்னால் மூக்கைக் குடுவைக்குள் விடாமல் கையால் விசிறிப் பாருங்கள். கையுறையோடு போனைத் தொடாதீர்கள், கதவுக் கைப்பிடியைத் தொடாதீர்கள், முகத்தைச் சொறியாதீர்கள். கையுறை உங்கள் கையைக் காப்பாற்றுகிறது, அடுத்து அந்தக் கைப்பிடியைத் தொடுகிறவரை அல்ல. கண்ணில் ஏதாவது பட்டால் கண் கழுவும் இடத்தில் 15 நிமிடம் விடாமல் நீர் ஓட வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு தேட முடியாது. எது கொட்டினாலும், எது உடைந்தாலும் உடனே சொல்லுங்கள், கோபம் வருவது மறைத்தால்தான்.

கை பழகுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். உயிரியல் பயிற்சி என்றால் முதலில் கையில் தருவது மைக்ரோபிப்பெட், மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும், மேலே அழுத்தினால் உறிஞ்சும், அவ்வளவுதானே என்று தோன்றும். அந்தப் பொத்தானுக்கு இரண்டு நிலை இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் ஓர் இடத்தில் லேசாகத் தடுக்கும், அது முதல் நிலை. இன்னும் பலமாக அழுத்தினால் இன்னும் கீழே போகும், அது இரண்டாவது. உறிஞ்சும்போது முதல் நிலை வரைக்கும் மட்டும் அழுத்தி, நுனியைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் மட்டும் அமிழ்த்தி, மெதுவாக விடுவிக்க வேண்டும். வெளியே விடும்போது முதல் நிலை, அப்புறம் இரண்டாவது நிலை, மிச்சச் சொட்டும் வந்துவிடும். இதை மாற்றி, உறிஞ்சும்போதே இரண்டாவது நிலைவரை அழுத்திவிட்டால் அளவுக்கு அதிகமாக ஏறிவிடும், திரையில் காட்டும் எண் மட்டும் சரியாகவே இருக்கும். பொத்தானைச் சட்டென்று விட்டால் காற்றுக் குமிழி. திரவம் உள்ளே இருக்கும்போது பிப்பெட்டைப் படுக்கவைத்தால் திரவம் கருவிக்குள்ளேயே போய்விடும், பிறகு அது யார் கைக்குப் போனாலும் தவறான அளவுதான்.

பழகுவதற்கு வழி எளிது. 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் எடை. நுண் தராசில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, பத்து தடவை 100 மைக்ரோலிட்டர் விட்டு, ஒவ்வொரு தடவையும் எடையைக் குறியுங்கள். பத்தும் 0.1-ஐச் சுற்றியே வந்தால் கை பழகிவிட்டது. எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்து ஆனால் எல்லாமே 0.095 என்று வந்தால் கருவியைச் சந்தேகப்படுங்கள், எண்கள் அங்கும் இங்கும் ஓடினால் உங்கள் கட்டைவிரலை. பத்து நிமிட வேலை. சொன்னால் யாரும் செய்வதில்லை, செய்தவர்களின் சோதனைதான் இரண்டாவது வாரத்தில் வேலை செய்கிறது.

ஜெல்லில் டிஎன்ஏவை ஓட்டும் சோதனை (மின்சாரம் கொடுத்து டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிப்பது) வந்தால் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாணவர்களின் மாதிரிகள், எல்லாரும் நடுங்கும் கையோடு ஒவ்வொரு குழியாக நிரப்பிவிட்டார்கள், நான் பெரிய மனிதர் மாதிரி மூடியைப் போட்டு மின்சாரத்தைக் கொடுத்தேன், ஒயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். டிஎன்ஏவின் பாஸ்பேட் பகுதிக்கு எதிர்மின்சுமை, அது நேர்மின்முனையைத் தேடித்தான் ஓடும். குழிகள் இருந்த பக்கமே நேர்மின்முனை என்றால் அது ஜெல்லுக்குள் போகாமல் பின்பக்கமாக வெளியேறித் தண்ணீரில் கலந்துவிடும். கவனித்தபோது மாதிரியோடு கலந்திருந்த சாயத்தின் நிறப்பட்டை தவறான திசையில் போய்க்கொண்டிருந்தது, பாதி போய்விட்டது. அன்றிலிருந்து மின்சாரம் கொடுத்ததும் அங்கேயே நின்று, மின்முனைகளில் குமிழி வருகிறதா, ஐந்து நிமிடத்தில் நிறம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்காமல் நகர்வதில்லை.

மற்றவை சுருக்கமாக. மைக்ரோஸ்கோப்பில் எப்போதும் சிறிய லென்ஸிலிருந்து தொடங்குங்கள், பெரிய லென்ஸுக்குப் போனபிறகு பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடும் உடையும், லென்ஸும் கீறும். டைட்ரேஷனில் ப்யூரெட்டின் (அளவு குறித்த நீளக் குழாய்) மேல் வைத்த புனலை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், அதிலிருந்து விழும் ஒரு சொட்டு உங்கள் ரீடிங்கைக் கெடுக்கும். நிறம் மாறி முடிவைக் காட்டும் திரவம் பினாப்தலீன் என்றால் வெளிறிய இளஞ்சிவப்பில் நிறுத்த வேண்டும், கண்ணைப் பறிக்கும் ரோஸ் வந்துவிட்டது என்றால் தாண்டிவிட்டீர்கள். மல்டிமீட்டரில் மின்னோட்டத்தை அளக்கும் நிலையில் வைத்துக்கொண்டு நேராக பேட்டரியின் இரு முனையிலும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போகும். எந்தப் பயிற்சியிலும் முதல் வாரத்தில் இரண்டு ஃப்யூஸாவது போய்விடும், உங்களுடையது அதில் ஒன்றாக இருந்தால் பெரிதுபடுத்தாதீர்கள்.

பேனா யார் கையில், பிப்பெட் யார் கையில்

இரண்டு பேராகச் சேர்ந்து செய்யும்போது முதல் பத்து நிமிடத்திலேயே ஒருவர் செய்கிறவராகவும் இன்னொருவர் எழுதுகிறவராகவும் மாறிவிடுவார்கள், யாரும் பேசி முடிவு செய்வதில்லை, தானாக நடக்கும். கையெழுத்து நன்றாக இருப்பவர், கொஞ்சம் அமைதியானவர், பல நேரம் குழுவில் இருக்கும் ஒரே பெண், பேனாவோடு நின்றுவிடுவார். ஒரு வாரம் கழித்து ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவரிடம் அழகான குறிப்புகள் இருக்கும். இதை முதல் நாளே உடைத்துவிடுங்கள். "அரை மணிக்கு ஒருமுறை மாத்திக்கலாமா?" என்று சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பார்த்ததில்லை. மாறாவிட்டால் உதவியாளரிடம் சொல்லுங்கள். கருவியைத் தொடாமல் திரும்புவதற்கா அத்தனை தூரம் விண்ணப்பித்தீர்கள்?

நோட்டு

ஆய்வக நோட்டு, பிறகு உட்கார்ந்து அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட்டு அல்ல. தைத்த நோட்டாக வாங்குங்கள், பக்க எண் போடுங்கள், பேனாவால் எழுதுங்கள். தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும், சில நேரம் அடித்ததுதான் சரியாக இருக்கும். பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நடக்கும்போதே எழுதுங்கள், கை காலியாகும்வரை காத்திருக்காமல். துண்டுத் தாளில் எழுதி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அந்தத் துண்டுத் தாள் தொலையும், உறுதியாகச் சொல்கிறேன்.

என்ன எழுதுவது என்று கேட்பார்கள். மூன்று மாதம் கழித்து உங்களைத் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்ய முடிகிற அளவுக்கு. தேதி, நேரம், எந்தக் கருவி, எந்த பாட்டில், அளந்த எண் அளந்தபடியே. 'கரைசல் கொஞ்சம் கலங்கலாக இருந்தது', 'மதியம் ஒருமுறை மின்சாரம் போய் வந்தது' மாதிரி உதவாது என்று தோன்றுவதையும். 1967-ல் ஜோஸ்லின் பெல், அப்போது ஆய்வு மாணவி, தன் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வரும் காகிதச் சுருளைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல், குறுக்கீடும் இல்லை, தெரிந்த நட்சத்திரமும் இல்லை. அதே கிறுக்கலை முன்பும் வானத்தின் அதே பகுதியில் பார்த்த நினைவு வந்ததும் பழைய சுருள்களுக்குத் திரும்பிப் போனார். முதல் பல்சார், அதாவது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகள் வரும் விண்மீன், கிடைத்தது அப்படித்தான். பழைய சுருள்கள் பத்திரமாக இல்லாவிட்டால் எங்கே திரும்பிப் போயிருப்பார்?

ஒன்றும் வராத வாரம்

இரண்டாவது வாரத்தின் நடுவில் எதுவும் வேலை செய்யாது, எல்லாருக்கும் அப்படித்தான். அப்போது பதறி மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒப்பீட்டுக்கென்று இரண்டு மாதிரிகள் கூடவே வையுங்கள், ஒன்று நிச்சயமாக வேலை செய்ய வேண்டியது, இன்னொன்று நிச்சயமாக வேலை செய்யக் கூடாதது. வேலை செய்ய வேண்டியதும் செய்யவில்லை என்றால் தவறு உங்கள் மாதிரியில் இல்லை, முறையிலோ ரசாயனத்திலோ இருக்கிறது. டிஎன்ஏவே போடாத வெறும் தண்ணீர்க் குழாயில் டிஎன்ஏ தெரிந்தால் எங்கோ கலந்துவிட்டது, பிப்பெட் நுனியை மாற்றாமல் தொட்டிருப்பீர்கள். டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகி 30 சுற்றில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டும், அதனால் கண்ணுக்குத் தெரியாத துளி கலந்தாலும் போதும்.

எண் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் புத்தகத்துக்கு ஏற்ப எண்ணைத் திருத்தும் ஆசை வரும். வேண்டாம். 1890-களில் இயற்பியலாளர் ரேலி, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் ரசாயன முறையில் தயாரித்ததைவிடச் சுமார் அரை சதவீதம் கனமாக இருப்பதைக் கண்டார். அரை சதவீதம்தானே என்று விட்டிருக்கலாம். அவரோ விளக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதினார், கடைசியில் அந்த வித்தியாசத்துக்குள் அதுவரை யாருக்கும் தெரியாத ஆர்கான் வாயு இருந்தது. உங்கள் வித்தியாசத்துக்குள் பெரும்பாலும் சரியாகக் கழுவாத குடுவைதான் இருக்கும், ஆனாலும் அதையாவது கண்டுபிடியுங்கள்.

கடைசி நாள் பேச்சு

ஐந்து நிமிடம் கொடுப்பார்கள், பதினைந்து ஸ்லைடு செய்து வைத்திருப்பீர்கள். பாதியைத் தூக்குங்கள். என்ன கேட்டோம், எப்படிச் செய்தோம், ஒரு நல்ல வரைபடம், அதில் பிழை எல்லைக் கோடுகள், எது இன்னும் புரியவில்லை, முடிந்தது. யாராவது கேள்வி கேட்டுப் பதில் தெரியாவிட்டால் "அதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை" என்று சொல்லலாம், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது தினமும் கேட்கும் பதில்தான். கிளம்பும் முன் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், சில ஆய்வகங்கள் அசல் நோட்டை வைத்துக்கொள்ளும்.

இடம் கிடைக்காவிட்டால்

கிடைக்காமல் போகலாம், நல்லவர்களுக்கும் போகிறது. இருந்த இடத்திலிருந்தே சேரக்கூடியவை உண்டு. 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கம் உலகம் முழுவதிலுமிருந்து ஆர்வலர்களின் பதிவுகளை வாங்குகிறது, சில விண்மீன்களுக்கு வெறும் கண்ணோ பைனாகுலரோ போதும். 2007-ல் கேலக்ஸி ஜூ என்று தொடங்கிய திட்டம் இன்று ஜூனிவர்ஸ் என்ற தளமாகி, பல துறைகளின் உண்மையான ஆய்வுப் படங்களை வகைப்படுத்தும் வேலையை யார் வேண்டுமானாலும் செய்ய விடுகிறது. நண்பர்கள் சேர்ந்தால் ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2014 முதல் நடத்தும் பள்ளி மாணவர் போட்டி இருக்கிறது. துகள் கற்றையை வைத்து என்ன சோதனை செய்வீர்கள் என்று குழுவாக எழுதி அனுப்ப வேண்டும், வென்ற குழுக்கள் உண்மையான முடுக்கியில் போய் அதைச் செய்யலாம்.

அதுவரைக்கும் அந்த ஊசல் இருக்கிறதே. 25, 50, 75, 100 சென்டிமீட்டர் என்று நூலின் நீளத்தை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு எடுங்கள். நீளத்தை மீட்டரில் கிடை அச்சிலும், ஓர் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிலை அச்சிலும் போட்டால் நேர்கோடு வரும். 39.48-ஐ அந்தக் கோட்டின் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். கோடு பூஜ்யத்தைத் தொடாமல் கொஞ்சம் மேலே வெட்டுகிறதா? நூல் முடியும் இடம்வரைக்கும்தான் அளந்திருப்பீர்கள், நட்டின் நடுவரைக்கும் அளக்க வேண்டும். அப்படி அளக்காமல் விட்டிருந்தாலும் எல்லா நீளத்திலும் ஒரே அளவுதான் குறைந்திருக்கும் என்பதால் சாய்வு மாறியிருக்காது, ஏன் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.